271ஆம் இடமும் மாலதியின் மூக்கும்

நான் ஒரு கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறேன். மொட்டைக் கடிதம் போட்டு நிறுத்துகிறவர்கள் உண்டு, மாப்பிள்ளையின் பழைய காதலியைக் கூட்டிவந்து மண்டபத்தில் நிறுத்துகிறவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் ஒரு நோக்கமாவது இருக்கிறது. நான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, ஒரே ஒரு அமினோ அமிலத்தை வைத்து, என் சொந்தப் பெரியம்மா மகளின் நிச்சயதார்த்தத்தைக் கலைத்தேன். படித்தவள் ஒரு காரியத்தைக் கெடுக்க இறங்கினால் எவ்வளவு சுத்தமாகக் கெடுப்பாள் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் நான்தான் உதாரணம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். என் அம்மா பிரிக்பீல்ட்ஸில் கோயிலிலும் புடவைக் கடையிலும் எதிர்ப்பட்ட எல்லாரிடமும் "நளினி டாக்டருக்குப் படிக்கிறா" என்று சொல்லிவைத்திருந்தார். (பொய் இல்லையே, டாக்டர் பட்டம்தானே?) அதனால் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் முட்டி வலிக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். நான் தினமும் கவனித்த ஒரே நோயாளி தவளை முட்டை. அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முட்டியை அழுத்திப் பார்த்து, "சுகர் செக் பண்ணீங்களா ஆன்டி?" என்று கேட்பேன். அவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவதைப் பார்க்க அவ்வளவு சுகமாக இருக்கும். இந்தக் கதையைப் படிக்கும்போது யாரையாவது நாலு சாத்து சாத்த வேண்டும் என்று தோன்றினால், ஆளை வேறெங்கும் தேட வேண்டாம்.

தவளை முட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் என் முட்டாள்தனத்தின் முழு அளவு உங்களுக்கு விளங்காது.

நம் முதுகுத்தண்டு நரம்புகளுக்கு ஒரு பிரேக் இருக்கிறது. நரம்பு செல்லின் மேற்பரப்பில் ஐந்து புரதங்கள் வட்டமாகக் கூடி நிற்கும். நடுவில் கதவு போட்ட ஒரு துளை, மூடியே இருக்கும். கிளைசின் வந்து வெளிப்பக்கம் உட்கார்ந்தால் (அமினோ அமிலங்களிலேயே ஆகப் பொடியன் அவன்தான்) அந்தத் துளை திறக்கும், குளோரைடு உள்ளே போகும், நரம்பு அடங்கும். ஒரு பாத்திரம் விழுந்தால் நாம் ஒருமுறை திடுக்கிட்டுவிட்டு அடுத்த நொடி நம் வேலையைப் பார்க்கிறோமே, அதற்கு இந்தப் பிரேக்கும் ஒரு காரணம். அந்தப் புரதம் ஒவ்வொன்றும் நானூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களைக் கோத்த சரம். சரத்தில் 271ஆம் இடத்தில், துளையின் வாய்க்குப் பக்கத்தில், ஆர்ஜினின் இருக்க வேண்டும். ஆர்ஜினினுக்கு நேர்மின்னூட்டம் உண்டு, தண்ணீரோடு சேரும். அந்த இடத்தில் லூசின் வந்து உட்கார்ந்துவிட்டால் தொலைந்தது. லூசின் எண்ணெய்ப் பசைக்காரன், தண்ணீரைக் கண்டால் ஒதுங்குவான், மின்னூட்டமும் கிடையாது. கிளைசின் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாலும் அது வந்த சேதி கதவுக்குச் சரியாகப் போய்ச் சேராது. கதவு ஒழுங்காகத் திறக்காது. பிரேக் பிடிக்காத உடம்பு சின்னச் சத்தத்துக்கும் விறைத்துத் தூக்கிப்போடும். இது பிறப்பிலேயே வருகிற, மிக அபூர்வமான பரம்பரை நோய்.

அந்த ஓரிடத்தில் வெவ்வேறு அமினோ அமிலங்களை மாற்றி வைத்து, அந்தப் புரதத்தைத் தவளை முட்டையில் உருவாகவிட்டு, முட்டையில் இரண்டு ஊசிகளைக் குத்தி, கதவு எவ்வளவு திறக்கிறது என்று அளப்பது என் வேலை. மின்னூட்டம் போனால் என்ன ஆகிறது, பருமன் கூடினால் என்ன ஆகிறது என்று மூன்று வருஷம் இதையே பார்த்தேன். மூன்று வருஷம் ஒரே இடத்தை முறைத்துக்கொண்டிருந்தால் உலகத்தில் எதைப் பார்த்தாலும் 271ஆகத்தான் தெரியும். கிள்ளானில் இருந்த என் பெரியம்மாவும் எனக்கு அப்படித்தான் தெரிந்தார்.

பெரியம்மாவுக்கு லாத்தா இருந்தது. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சிலர் திடுக்கிட்டால் வாய்க்கு வந்ததைக் கொட்டுவார்கள், எதிரே நிற்பவர் கையைத் தூக்கினால் தாங்களும் தூக்குவார்கள். மலாய்க்காரப் பெண்களிடம் அதிகம் பார்க்கலாம், நம்மவர்களிலும் உண்டு. அதை நோய் என்று யாரும் நினைப்பதில்லை. பொழுதுபோக்கு என்று நினைக்கிறார்கள், அதுதான் கேவலம். பெரியப்பாவின் தம்பி குமார் சித்தப்பாவுக்கு, பெரியம்மாவின் பின்னால் பூனை மாதிரி போய் மேசையில் ஓங்கி அறைவதைவிடப் பெரிய சந்தோஷம் வாழ்க்கையில் இல்லை. பெரியம்மா கையில் இருப்பதை எறிந்துவிட்டு, "ஐயோ கெழட்டு எருமை, குளிக்காத எருமை" என்று கத்துவார். எருமை என்பது பெரியப்பா. மற்ற நேரங்களில் பெரியம்மா அவர் முன்னால் நாற்காலியில்கூட உட்கார மாட்டார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், பெரியப்பாவும் சிரிப்பார். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கோபம் நியாயமானதுதான். அதற்கு மேல் நான் கட்டியதுதான் கோணல்.

நான் சொன்ன அந்த அபூர்வ நோய்க்கு ஒரு பரிசோதனை உண்டு. மூக்கில் விரலால் லேசாகத் தட்டினால் நோய் இருப்பவர்களுக்குத் தலை வெடுக்கென்று பின்னால் போகும். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று தட்டில் பழகிவிடும், இவர்களுக்குப் பழகாது. (நிஜமாகவே மருத்துவர்கள் செய்வது, நான் கண்டுபிடித்த கொடுமை அல்ல.) ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் பெரியம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் மூக்கில் தட்டினேன். துள்ளினார். கரண்டி பறந்து தொட்டியில் விழுந்தது. எனக்குப் புல்லரித்துப் போனது. கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கிற எந்தப் பெண்ணின் மூக்கில் தட்டினாலும் அவள் துள்ளத்தான் செய்வாள், 271இல் எது இருந்தால் என்ன என்று தோன்றவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் பத்துப் பேர் மூக்கில் தட்டியிருக்க வேண்டும். எத்தனை வயதிலிருந்து இப்படி என்று பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். முதலாமாண்டு மாணவனுக்குத் தெரிகிற விஷயம். நான் எதையும் கேட்காமல் என் நோட்டுப் புத்தகத்தில் "பெரியம்மா: லூசின்?" என்று எழுதிவைத்தேன். சில வாரங்களில் அந்தக் கேள்விக்குறி என் மனசுக்குள் தானாகவே உதிர்ந்துவிட்டது.

இனி மாலதி. பெரியம்மாவின் ஒரே மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள். பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், சேர்ந்தே வளர்ந்தோம். அவள் பிரகாஷ் என்று ஒருவனை நான்கு வருஷமாகக் காதலித்தாள். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளன், வீடு ரவாங்கில். அவன் அம்மா சம்மதிக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. ஜாதகம் சரியில்லை என்றார், பெண் கறுப்பு என்றார், கிள்ளான் தூரம் என்றார். அந்த இரண்டு வருஷமும் மாலதி அழுததெல்லாம் என் அறையில்தான். அவர் ஒருவழியாகத் தலையை ஆட்டி நிச்சயத்துக்கு நாள் குறித்த அன்று, அவள் எனக்குப் போன் செய்து அரை மணி நேரம் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"நீ என் பக்கத்துலயே இரு நளினி. அவங்கம்மா எதாச்சும் கேட்டா நான் உளறிடுவேன். நீ படிச்சவ, சமாளிப்ப."

ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியம்மா வீட்டு வாசலில் தெருவை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். ரவாங்கிலிருந்து வேனில் வந்தவர்கள் ஒன்பது தட்டுகளை இறக்கி நடுவில் வரிசையாக வைத்தார்கள். முன்வரிசையில் பிரகாஷின் அம்மா, சந்தன நிறப் பட்டில். பக்கத்தில் அவன் அப்பா, தலையில் டோப்பா. (அது டோப்பா என்பது ரவாங் முழுக்கத் தெரியும், யாரும் சொல்வதில்லை.) இன்றைக்கு மட்டும் அம்மாவைப் பயமுறுத்தாதீர்கள் என்று மாலதி முந்தின நாள் குமார் சித்தப்பாவின் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். அவரும் அம்மன் மேல் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியம் பதினொரு மணிவரை தாங்கியது.

பேச்சு மும்முரமாகி, பிரகாஷின் தாய்மாமன் ஜோக் மேல் ஜோக்காக அடித்துவிட்டுக்கொண்டிருந்தார். சபையில் இன்னொருத்தன் சிரிப்பு வாங்குவதைக் குமார் சித்தப்பாவால் பொறுக்க முடியவில்லை. பெரியம்மா ரோஸ் சிராப் பானத்தை எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் காலித் தட்டோடு நின்றார். சித்தப்பா பின்னாலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் படாரென்று ஓர் அடி அடித்தார். பெரியம்மா திடுக்கிட்டு, நேர் எதிரே இருந்த சம்பந்தியின் தலையைப் பார்த்து, "டோப்பா, டோப்பா, காத்துல பறக்குற டோப்பா" என்று கத்தினார்.

மாலதி கண்ணை மூடிக்கொண்டாள். பிரகாஷின் அப்பா மெதுவாகத் தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். தொட்டுவிட்டு, "இன்னும் இருக்கு லா" என்றார்.

அவ்வளவுதான், சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது. அவர் சிரித்தார், அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், இரண்டு வருஷத்தில் அந்த அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாலதி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். எல்லாம் அத்தோடு நல்லபடியாக முடிந்திருக்கும். தட்டு மாற்றியிருப்பார்கள், சாப்பிட்டிருப்பார்கள், அந்த டோப்பா கதையைக் குடும்பம் நூறு வருஷம் சொல்லியிருக்கும்.

ஆனால் தாய்மாமன் போனை எடுத்து, "இன்னொரு தடவ செய்ய வைங்க பிரதர், வீடியோ எடுக்கறேன்" என்றார். சித்தப்பா கையை ஓங்கினார். நான் எழுந்தேன்.

"சிரிக்காதீங்க அங்கிள். இது ஒரு வியாதி."

சிரிப்பு நின்றது. அந்தக் கணம் எனக்குக் கொடுத்த போதையை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அறுபது கண்கள் என் மேல். பிரகாஷின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, நீதானே அந்த டாக்டர் பொண்ணு என்று கேட்டார். ஆமாம் ஆன்டி என்றேன். அந்த இரண்டு சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் என் பட்டத்தையே கொடுத்துவிடுவேன்.

பிறகு விளக்கினேன். என் கை தானாக வரிசைத் தட்டுக்குப் போனது. (தட்டு மாற்றுமுன் அதில் கை வைக்கக் கூடாது. ஐயர் என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் பொசுங்கியிருக்க வேண்டும்.) ஆரஞ்சுப் பழங்களை எடுத்து வரிசையாக அடுக்கி, இதுதான் புரதம், இந்த இடத்தில் இருப்பது ஆர்ஜினின் என்றேன். அந்த ஒரு பழத்தை எடுத்துவிட்டு அங்கே ஓர் அதிரசத்தை வைத்து, இது லூசின், எண்ணெய், இது இங்கே வந்தால் கதவு திறக்காது என்றேன். பெரியம்மாவுக்குள் இந்த அதிரசம்தான் இருக்கிறது என்று முடித்தேன். பெரியம்மா காலித் தட்டோடு நின்று, தன் வயிற்றைப் பார்த்தார்.

பிரகாஷின் அம்மாவுக்கு அதிரசத்தில் அக்கறையில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

"இது கெதுருனானா?"

பரம்பரையா என்கிறார். மலாயில் கேட்டதால் அது இன்னும் ஆஸ்பத்திரித்தனமாக ஒலித்தது. இந்த இடத்தில் பொய் சொல்லலாம், தெரியாது என்று உண்மையைக்கூடச் சொல்லலாம். நான் என்ன செய்தேன்? மூன்று வருஷம் படித்ததை ஒப்பித்தேன். "ஆமா ஆன்டி. பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி வரலாம்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பாதியில் ஒருத்தி என் பக்கத்தில் பட்டுப்புடவையில் நிற்பது உறைத்தது. மாலதி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

பதறிப்போய், மாலதிக்கு இல்லை ஆன்டி, நிச்சயமாக இல்லை என்றேன். எப்படித் தெரியும் என்றார் அவர். மூக்கில் தட்டினால் தெரிந்துவிடும் என்றேன்.

"அப்ப தட்டிக் காட்டும்மா."

மறுத்திருக்கலாம். கூடாரத்தைவிட்டு ஓடியிருக்கலாம், மயக்கம் போட்டு விழுந்திருக்கலாம், அங்கே இருந்த மற்ற முட்டாள்களுக்கெல்லாம் இது தோன்றியிருக்கும். ஆனால் என் பரிசோதனை மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. மாலதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தலையில் ஒரு கிலோ பூ. இரண்டு வருஷம் தவமிருந்து வரவழைத்த மாமியார் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து அவள் மூக்கையே உற்றுப் பார்க்கிறார். நான் விரலை மடக்கி, தட்டினேன்.

மாலதிக்குத் தூக்கிப்போட்டது. நெற்றிச்சுட்டி காதுப்பக்கம் போனது. முழங்கை பின்னால் போய்ப் பிரகாஷின் தங்கை கையிலிருந்த கிளாசில் பட்டு, ரோஸ் சிராப் முழுவதும் அந்தச் சந்தன நிறப் பட்டின் மடியில் கொட்டியது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் முறைப்படி, பழகுகிறதா என்று பார்க்காமல் பரிசோதனை முடியாது. "பயப்படாத மாலதி, அடுத்தது சரியாயிடும்" என்று சொல்லி இன்னொரு தடவை தட்டினேன். மறுபடி துள்ளினாள். மூன்றாவது தடவை விரலைக் கொண்டுபோனபோது, தட்டுவதற்கு முன்னாலேயே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

பிரகாஷ் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றும் ஓடவில்லை, திரை இருட்டாக இருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன், பார்த்தேன்.

அவர்கள் நாகரிகமானவர்கள், சத்தம் போடவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றார்கள். சாப்பிட்டார்கள், தாய்மாமன் பாயசம் இரண்டு தடவை வாங்கினார். பிறகு ஒன்பது தட்டுகளையும் அதே வேனில் ஏற்றிக்கொண்டு, ஆரஞ்சுப் பழங்களையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் நாள் மாலதிக்குப் பிரகாஷிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. அம்மாவை எதிர்க்க முடியவில்லை, நாளைக்கு ஒரு பிள்ளை என்று வந்தால் யோசிக்க வேண்டியிருக்கிறது, என்னை மன்னித்துவிடு. இவ்வளவுதான் நான்கு வருஷத்துக்கு. அந்தப் பயலை இன்றைக்குக் கண்டாலும் எனக்குக் கை பரபரக்கும். ஆனால் அவனுக்கு அந்தச் சாக்கை எடுத்துக் கையில் கொடுத்தவள் நான்.

குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றதில் ஒரு வழியாக எனக்கு அறிவு வந்தது, அதாவது முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன். பெரியம்மாவிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கவைத்தேன். முடிவு வர மாதங்கள் ஆயின. 271ஆம் இடத்தில் ஆர்ஜினின். அக்கம்பக்கத்திலும் ஒரு பிழையில்லை. பெரியம்மாவின் புரதம் பாடப்புத்தகத்தில் அச்சிட்ட மாதிரி இருந்தது. லாத்தா ஏன் வருகிறது என்று உலகத்தில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. அது இந்த நோய் இல்லை என்பது மட்டும் நான் பிறப்பதற்கு முன்பே பலருக்குத் தெரிந்திருந்தது. படித்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். கழிவறையில் போய் உட்கார்ந்து அழுதேன்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ரயிலேறி ரவாங் போனேன். பிரகாஷின் அம்மா என்னை உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார். காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பெரியம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றால் சந்தோஷம்தான் என்றார். பிரகாஷுக்கு வேறு பெண் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். கேட் வரை வந்து வழியனுப்பும்போது, மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது, எதாவது மாத்திரை சொல்லேன் என்று கேட்டார். நான் டாக்டர் இல்லை ஆன்டி என்று முதல் தடவையாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை, திமிர் என்று நினைத்துக்கொண்டார்.

அங்கிருந்து கிள்ளான். நிச்சயம் கலைந்த நாளிலிருந்து பெரியம்மாவை யாரும் பயமுறுத்தவில்லை. நான் கேட்டதும் அதைத்தானே? குமார் சித்தப்பாகூட அவர் இருக்கும் அறைக்குள் இருமிவிட்டுத்தான் நுழைவார். கண்ணாடிக் கிளாஸ் கொடுப்பதில்லை, விசேஷங்களுக்குக் கூப்பிடுவதில்லை, அப்படியே கூப்பிட்டாலும் உள்ளறையில் உட்கார வைத்துவிடுவார்கள். வியாதிக்காரி. வீடே கண்ணியமாகிவிட்டது, பெரியம்மா வாய் திறப்பதே இல்லை. நான் காகிதத்தை நீட்டி, உங்களுக்கு எந்த வியாதியும் இல்லை பெரிம்மா, நான் சொன்னது தப்பு என்றேன். காலில் விழுந்தேன் என்றே சொல்லலாம்.

அவர் காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

"அப்ப ஒங்க பெரியப்பாவ எருமைன்னு சொன்னதெல்லாம்?"

"தெரியல பெரிம்மா. அது ஏன் வருதுன்னு யாருக்குமே தெரியல."

"கல்யாணமாகி வந்து அஞ்சாறு வருஷத்துல வந்துச்சு. அந்த வீட்டுல நான் சத்தமா பேசுனது அப்ப மட்டுந்தான்டி." காகிதத்தை நாலாக மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். "இத அவருகிட்ட காட்டாத."

காட்டவில்லை. ஆனால் பெரியம்மாவுக்கு லாத்தா அதன் பிறகு வரவே இல்லை. யாரும் மேசையில் அறைவதில்லை, அவரும் யாரையும் எருமை என்பதில்லை. என் ஆராய்ச்சியால் குணமான ஒரே ஆள் அவர்தான். இப்படி ஒரு குணத்தை யார் கேட்டார்கள்?

மாலதி என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாள், பிறகு பேசினாள், மழை பெய்கிறதா, சாப்பிட்டாயா என்கிற மாதிரிப் பேச்சு. ஏழு வருஷம் கழித்துத் தன்னோடு வேலை பார்த்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பன்னிரண்டில் நான் இல்லை. குடும்பக் குழுவில் படம் வந்தபோதுதான் எனக்கே தெரியும். வாழ்த்துகள் என்று போட்டேன், ஒரு பூங்கொத்துப் படமும் போட்டேன்.

குடும்பத்துக்கு இதெல்லாம் எப்போதோ நகைச்சுவையாகிவிட்டது. இப்போது நான் விரிவுரையாளர், பெயருக்கு முன்னால் முறைப்படி டாக்டர் போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் எந்த விசேஷ வீட்டுக்குள் நான் நுழைந்தாலும் சின்னது பெரியது எல்லாம் சொல்லிவைத்தாற்போல் மூக்கைப் பொத்திக்கொள்ளும். கதை தெரியாத வெளியாட்கள் என் மேல்தான் ஏதோ வாடை என்று நினைத்து நகர்ந்து உட்காருவார்கள். ஆரம்பித்து வைத்தது குமார் சித்தப்பா, வேறு யார்? நாற்காலியை அடித்த அவர் கையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. நானும் சிரித்துக்கொள்கிறேன். சிரிக்காமல் இருக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

போன வருஷம் மாலதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு மாதம் கழித்துப் பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் அடுக்குமாடி வீட்டில் பேர் வைத்தார்கள். இந்தத் தடவை என்னைக் கூப்பிட்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சித்தப்பா குரல் கொடுத்துவிட்டார். நான் உள்ளே காலெடுத்து வைத்ததும் இருபது பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், சித்தப்பா தொட்டிலுக்கு ஓடிப்போய்க் குழந்தையின் மூக்கையும் பொத்துவது மாதிரி அபிநயம் பிடித்தார். வீடு அதிர்ந்தது சிரிப்பில். அந்தச் சத்தத்தில் குழந்தை இரண்டு கையையும் விரித்து, உடம்பை உதறி, துள்ளியது.

மாலதி மட்டும் சிரிக்கவில்லை. தொட்டிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மற்றவர்கள் சிரித்து முடித்துச் சாப்பாட்டுப் பக்கம் நகரும்வரை காத்திருந்தாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், சத்தம் கேட்டால் இவள் இப்படித்தான் துள்ளுகிறாள், இது ஒன்றும் இல்லையே என்றாள்.

பிறந்த குழந்தைகள் எல்லாமே அப்படித்தான் துள்ளும், நாலைந்து மாதத்தில் அதுவாகவே நின்றுவிடும், பெரியம்மாவின் பரிசோதனையே சுத்தம், பயப்பட ஒன்றுமே இல்லை என்றேன். அத்தனையும் உண்மை. என் வாழ்க்கையில் இதைவிட உறுதியாகத் தெரிந்த விஷயம் எனக்கு இல்லை.

மாலதி தலையாட்டினாள். குழந்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் நல்லா தெரிஞ்ச மாதிரி சொன்ன," என்றாள்.